புல் தைத்தவள்

பென்ரோஸ் அம்மாள் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் இங்கிலாந்தில் இருந்துவிட்டு துபாய் ஜுமைரா வீட்டுக்குத் திரும்பியபோது ஏ.சி. ஒழுகியிருந்தது. தண்ணீர் சுவரோடு வழிந்து, வரவேற்பறையில் ஆள் உயரத்தைவிட நீளமாகத் தொங்கிய பூவேலைத் திரையின் இடது கீழ்மூலையை ஊறவைத்திருந்தது. துணியில் பூசணம் பூத்து, தொட்ட இடம் பொடிந்தது. நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய துணி. அது நடந்தது 2004இல்.

யாரோ சொல்லி, கராமாவில் அபாயா என்ற கறுப்பு அங்கிக் கடை வைத்திருந்த நெய்னா முகம்மதுவைத் தேடி அந்த அம்மாள் வந்தார். நெய்னா கீழக்கரைக்காரர். அவருடைய பூவேலைப் பட்டறை அல் குசைஸில் இருந்தது. வில்லாவுக்குப் போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தவர் நேராகப் பட்டறைக்கு ஏறி பாலகுருவை வெளியே கூப்பிட்டார்.

"தம்பி, அது ஜரிகை வேலை இல்ல. கம்பளி நூலும் பட்டு நூலும். சாதா ஊசி. நம்மள்ல அது தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான். துணிய வீட்டை விட்டு வெளிய அனுப்ப மாட்டேங்குது அந்தம்மா. நீதான் அங்க போயி உக்காரணும்."

"எத்தன நாளு பாய்?"

"ஒரு மாசம் வச்சுக்க. வயசான பொம்பள, தனியா இருக்கு. பாத்துப் பதமா நடந்துக்க."

பாலகுருவுக்கு நாற்பத்தொரு வயது. பெரம்பலூர் பக்கத்துக்காரன். சென்னையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினொரு வருடம், வெளிநாட்டுப் பட்டாளத்துச் சட்டைகளுக்குச் சின்னமும் தேவாலயத்துத் துணிகளுக்குப் பூவும் தைத்தவன். துபாய்க்கு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. பட்டறையில் துணி பூட்டிய ஒரு மரச்சட்டத்தைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து தைப்பார்கள். மற்ற மூவரும் பீகார், வங்காளம். கூட இருந்த ஒரே தமிழ் ஆள் இரண்டு வருடத்துக்கு முன் ஊரோடு போய்விட்டான். அதற்குப் பிறகு பாலகுரு தமிழ் பேசுவது நெய்னா வந்து போகும் இரண்டு நிமிடமும், வெள்ளிக்கிழமை மனைவி பூவாயியோடு போனில் பேசும் கால்மணி நேரமும்தான். ஒருநாள் ஊசி விரலில் ஏறியபோது தன் வாயிலிருந்து வந்த வசவு இந்தியில் வந்ததைக் கேட்டு அவனுக்கே திக்கென்றது.

சட்டத்தில் அவனுக்கு நேர் எதிரே உட்காருகிறவர் ஷம்சாத். பீகார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான்கு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்தும், நூல் கேட்பதும் கத்தரிக்கோல் கொடுப்பதும் தவிர அவர்களுக்குள் பேச்சு வளரவில்லை. ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக் குனிந்தபடி நாள் போய்விடும்.

ஆகவே ஜுமைரா போவதில் பாலகுருவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தினமும் இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கு அந்த வில்லாவின் வாசலில் நின்றான்.

பென்ரோஸ் அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. ஒல்லி. கழுத்தில் ஒரு சங்கிலியில் மூக்குக் கண்ணாடி தொங்கும். கணவர் துறைமுக எஞ்சினியராக இங்கே வந்தபோது கூடவே வந்தவர். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. அந்த அம்மாளுக்கு இந்தி தெரியாது, பாலகுருவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இருவருக்கும் கடைத்தெரு அரபி தெரிந்திருந்தது. அந்த அம்மாள் அதை நாற்பது வருடத்துக்கு முன்னால் மீன் விற்கிறவர்களிடம் கற்றிருந்தார். பாலகுரு அபாயா வாங்க வந்தவர்களிடம் கற்றிருந்தான். இலக்கணமில்லாத அந்த அரபியில் இருவரும் முதல்நாளே பேசிக்கொண்டார்கள்.

"இது தெரியுமா உனக்கு, பாலா? ஸேன்?"

"ஸேன், மேடம். நல்லாவே தெரியும். பயப்படாதீங்க."

திரையைச் சுவரிலிருந்து இறக்கி, சாப்பாட்டு மேசையை ஒதுக்கி, மரச்சட்டத்தில் பூட்டினார்கள். பால் நிறத்து லினன். மேலே பறக்கும் இரண்டு கொக்குகள், நடுவில் தண்ணீரில் நிற்கும் ஒரு கொக்கு, சுற்றிலும் நீலப் பூக்கள், அடி முழுவதும் நாணலும் புல்லும். ஊறிப் பொடிந்திருந்தது அந்தப் புல்தரையின் ஒரு முழம்.

மூன்றாம் நாள் தேநீர் கொடுத்துக்கொண்டே அம்மாள் அதன் கதையைச் சொன்னார். விக்டோரியா ராணி காலம். லண்டனில் ராணியின் ஆதரவோடு, அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி தலைமையில் ஒரு பூவேலைப் பள்ளி நடந்தது. நல்ல குடும்பத்தில் பிறந்து, அப்பா போய், சொத்தும் போய், கல்யாணமும் ஆகாமல் நின்றுவிட்ட பெண்கள் கௌரவமாகப் பிழைப்பதற்காக ஏற்பட்ட பள்ளி. பென்ரோஸ் அம்மாளின் தாய்க்குப் பெரியம்மா முறையான ஹாரியட் அங்கே வேலை செய்தாள்.

"இந்தத் திரை முழுக்க ஹாரியட் செய்தது. தனி ஆள். இரண்டு வருடம்," என்றார் அம்மாள். "ராணி பள்ளிக்கு வந்தார். இந்தக் கொக்கின் மேல் கை வைத்தார். யார் செய்தது என்று கேட்டார். ஹாரியட் எழுந்து நின்றாள். எங்கள் வீட்டில் எல்லோரும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்."

அந்தக் கொக்கை அவர் ஒரு விரலால் தொட்டார். அடுத்த வருடம் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கிலாந்துக்கே போய்விடப் போவதாகவும், அவருடைய ஊர் அருங்காட்சியகம் ஒன்று இந்தத் திரையை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருப்பதாகவும் சொன்னார். திரைக்குக் கீழே ஹாரியட்டின் பெயரைப் பலகையில் எழுதி வைப்பார்களாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகம் சிறு பெண்ணின் முகம் போல் ஆனது.

ஐந்தாம் நாள் பாலகுரு திரையின் பின்பக்கத்து லைனிங் துணியைப் பிரித்தான்.

பிரித்ததும் கை தானாக நின்றுவிட்டது. முன்பக்கம் வெளிறிச் சாம்பலாகிவிட்ட நீலம் பின்பக்கத்தில் நேற்றுத்தான் சாயம் தோய்த்தது போல் இருந்தது. வெயிலும் விளக்கும் படாத பக்கம். பூக்கள், கொக்கின் அலகு, தண்ணீர், எல்லாம் தலைகீழ் நூல்களாகப் பளபளவென்று கிடந்தன.

முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பின்பக்கத்தைத் தைக்கிறவன்தான் படிப்பான். நூலை எப்படி முடித்தாள், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை இழுத்துக்கொண்டு போனாளா அறுத்தாளா, எந்தப் பக்கம் சாய்த்தாள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பாலகுரு அன்று மதியம் வரை ஊசியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். கொக்குகளைத் தைத்தவள் முடிச்சே போடவில்லை. நூல் முனையைத் தையலுக்குள்ளேயே செருகியிருந்தாள். நல்ல கெட்டிக்காரி. நீலப் பூக்களைத் தைத்தவள் அவசரக்காரி, இறுக்கி இழுக்கிறவள். தண்ணீரைத் தைத்தவள் நூலை வீணாக்காதவள். மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துத் தைத்திருந்தாள். புல்லையும் நாணலையும் தைத்தவள் இடதுகைக்காரி. அவளுடைய தையல்கள் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

நான்கு பேர். நான்கு கை.

அவனுக்கு என்னமோ ஒரு அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருக்க, தான் கதவைத் திறந்து உள்ளே போய்விட்ட மாதிரி இருந்தது. அவர்களுடைய முகம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியின் குணமும் தெரிந்தது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, அவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

மறுநாள் பென்ரோஸ் அம்மாள் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஊசிகளைச் செருகி வைக்க ஹாரியட் வீட்டில் செய்த ஊசிப்பொதி ஒன்று இருந்தது. வெல்வெட்டில் இரண்டு எழுத்தும் ஒரு கொடியும்.

"ஹாரியட்டின் கை. பார்," என்றார். "இப்போது சொல். இந்தத் திரையில் அவள் செய்ததில் மிக அழகானது எது? உனக்குத்தான் தெரியும்."

பாலகுரு ஊசிப்பொதியைத் திருப்பிப் பார்த்தான். உள்பக்கத் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அவனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தேடிக்கொண்டிருந்த ஆளைக் கூட்டத்தில் கண்டுபிடித்த மகிழ்ச்சி. யோசிக்காமல் வாயைத் திறந்துவிட்டான்.

"மேடம், இவங்க இடதுகை! இதோ பாருங்க, இந்தப் புல்லு. இந்த நாணல். இதெல்லாம் இவங்கதான்."

"சரி. அப்புறம்? கொக்கு?"

"கொக்கு வேற கை, மேடம். பூ வேற. தண்ணி வேற. நாலு பேரு."

"மாஃபி," என்றார் அம்மாள். இல்லை என்றார். "தனி ஆள்."

"மாஃபி, மேடம். நாலு பேரு. இவங்க புல்லு மட்டும்."

அம்மாள் ஊசிப்பொதியை அவன் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார். அவருடைய கழுத்து சிவந்துவிட்டது. பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டே, "கல்லாஸ். இன்றைக்குப் போதும்," என்றார். மணி பத்தரைகூட ஆகவில்லை.

அன்று சாயங்காலமே நெய்னா பட்டறைக்கு வந்துவிட்டார்.

"என்னப்பா சொல்லி வச்ச அந்தம்மாகிட்ட? நாளைக்கு வர வேணாம்னு போன் பண்ணுது."

பாலகுரு சொன்னான். நெய்னா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, கிழிஞ்ச துணியத் தைக்கச் சொன்னா தைச்சிட்டு வர வேண்டியதுதான? அது யாரு தைச்சா உனக்கென்ன, எனக்கென்ன? அந்தம்மாவுக்கு இந்த உலகத்துல மிச்சம் இருக்கறது அந்தக் கதை ஒண்ணுதான். அதப் போயி உடைச்சிட்டு வந்திருக்கியே."

"கேட்டாங்க பாய். தெரிஞ்சதச் சொன்னேன்."

"தெரிஞ்சதெல்லாம் சொல்லிறதா?"

பாலகுரு பழையபடி சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து கறுப்புத் துணியில் கறுப்பு மணி கோத்தான். அந்த வாரம் முழுக்க அந்த அம்மாளை நினைத்தால் பாவமாக இருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைப்பான். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் மற்ற மூன்று பெண்கள் என்ன ஆவார்கள் என்றும் தோன்றும். அவர்களைத் தெரிந்த ஆள் உலகத்தில் இப்போது தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை பூவாயியிடம் பேசினான். மகள் சந்தியாவுக்குக் காய்ச்சல் விட்டதையும் கிணற்று மோட்டார் ரிப்பேர் ஆனதையும் அவள் சொல்லி முடித்தபிறகு, அவனாகவே திரையின் கதையை ஆரம்பித்தான். கொக்கு தைத்தவளைப் பற்றியும் நூலை மிச்சம் பிடித்தவளைப் பற்றியும் விடாமல் சொல்லிக்கொண்டே போனான். நிறுத்தியபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"இருக்கியா?" என்றான்.

"இருக்கேங்க." கொஞ்சம் பொறுத்து அவள் சொன்னாள்: "ஏழு வருசத்துல நீங்க இவ்வளவு நேரம் பேசினதே இல்லிங்க. நானும் கேக்கல. அங்க என்னதான் செய்யிறீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

இருவரும் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வேலை நின்ற பதினோராம் நாள் காலை பட்டறைப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு மாடி ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றது பென்ரோஸ் அம்மாள். தானே கார் ஓட்டிக்கொண்டு அல் குசைஸின் லாரிகளுக்கு நடுவே வந்திருக்கிறார். ஷம்சாத் பதறி எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மாள் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்தார்.

"ஹாரியட் தங்கைக்கு எழுதியவை," என்றார். "ஐம்பது வருடமாக என்னிடம் இருக்கின்றன. நான் படித்ததே இல்லை."

படிக்காததற்குக் காரணம் இருந்தது. காகிதத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஹாரியட் எழுதிய பக்கத்தின் மேலேயே குறுக்காக மறுபடியும் எழுதியிருந்தாள். வரிக்கு மேல் வரி, வலை பின்னியது போல. பத்து நாளாக உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அம்மாள் அதை எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார்.

ஒரு கடிதத்தை விரித்து, மெதுவாக, தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார். ஹாரியட் எழுதியிருந்தது இது: "எனக்கு இன்னும் புல்தான். பறவைகளை மிஸ் கார்வர் தைக்கிறாள். மேசையில் பேச எங்களுக்கு அனுமதி இல்லை. ஒன்றரை வருடமாக அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன், அவளுடைய குரல் எனக்குத் தெரியாது. ராணி வந்த அன்று எங்களைப் பின் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். திரையை மட்டும் காட்டினார்கள். வீட்டில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்."

பட்டறையில் மற்றவர்களுக்கு என்ன விஷயமென்று புரியவில்லை. ஆனாலும் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள்.

"நீ சொன்னது சரி," என்றார் அம்மாள். "நான் கோபப்பட்டேன். தப்பு. யல்லா, வா."

நெய்னாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு பாலகுரு அந்தக் காரிலேயே ஏறிப் போனான்.

பொடிந்த இடத்துக்குப் புது லினன் ஒட்டுக்கொடுத்து, அதன் மேல் புல்லைத் தைக்க அவனுக்குப் பதினெட்டு நாள் ஆனது. ஹாரியட்டின் சாய்வு அவனுக்கு வரவில்லை. வலதுகைக்காரனுக்கு அது எளிதில் வராது. இரண்டு முறை தைத்துப் பிரித்தான். கடைசியில் சட்டத்தையே தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து தைத்தபோது சாய்வு ஒத்து வந்தது. அம்மாள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கடிதமாகச் சொல்லுவார். ஹாரியட்டின் அறையில் கரி இல்லாமல் போன குளிர்காலம், அவள் சாப்பாட்டு நேரத்தில் பூங்காவில் தனியாக நடந்தது, தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது போக முடியாதது. பாலகுரு கேட்டுக்கொண்டே தைப்பான். சில கடிதங்களின் நடுவில் அம்மாள் நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்ப்பார். அவர் யாரைப் பற்றி நினைக்கிறார் என்று இவன் கேட்கமாட்டான்.

ஒருநாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அம்மாள் அதைப் படித்துவிட்டு மேசையில் போட்டார்.

"மியூசியம். நான் உண்மையை எழுதினேன். தனி ஆள் இல்லை, ராணி கேட்கவில்லை, நான்கு பெண்கள் என்று. இந்த மாதிரித் துணி அவர்களிடம் நிறைய இருக்கிறதாம். வேண்டாமாம்."

பாலகுரு ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். "என்னாலதான், மேடம்."

"இல்லை. ஹாரியட்டால்," என்றார் அம்மாள். சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. எழுந்து சமையலறைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. கெட்டில் கொதித்து அணைந்த சத்தம் மட்டும் கேட்டது.

வேலை முடிந்தது. லைனிங் துணியைத் திரும்ப வைத்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. பாலகுரு துணியை விரித்து ஊசியில் நூல் கோத்தபோது, அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாளைக்கு."

அன்று மதியம் முழுவதும் அவர்கள் இருவரும் திரையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சத்தம். "இது மிஸ் கார்வர்," என்று அம்மாள் கொக்கைக் காட்டினார். பூக்காரியையும் தண்ணீர்க்காரியையும் காட்டி இவர்கள் பெயர் கடிதத்தில் இல்லை என்றார். புல்லின் பக்கம் வந்தபோது, எது ஹாரியட் எது பாலா என்று தனக்குத் தெரியவில்லையே என்றார். அவன் எழுந்துபோய் ஒரு விரலால் எல்லையைக் கோடு போட்டுக் காண்பித்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, அவன் தைத்த முழத்தை நீண்ட நேரம் பார்த்தார். தொடவில்லை. ஏழு வருடத்தில் அவன் வேலையை ஒருவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் லைனிங்கைத் தைத்து முடித்தான். மார்ச் மாதம் அம்மாள் வீட்டைக் காலி செய்து போய்விட்டார். அண்ணன் மகளுடைய வீட்டில் ஒரு சின்ன அறை. அங்கே அவ்வளவு உயரச் சுவர் இல்லையாம், திரையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாராம். நெய்னாவுக்குப் போனில் சொல்லியிருந்தார். பாலாவிடம் சொல்லுங்கள் என்றாராம். பாலகுரு கேட்டுக்கொண்டான்.

பட்டறையில் அப்போது ஒரு கல்யாண உடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி, வெள்ளி மணி, நான்கு பேரும் நான்கு மூலை. ஒருநாள் மதியம் மற்றவர்கள் தொழுகைக்கு எழுந்து போயிருந்தபோது, பாலகுரு சட்டத்துக்கு அடியில் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தான். சும்மாதான் பார்த்தான். அவனுடைய மூலை, வங்காளிகளுடைய மூலைகள், ஷம்சாத்தின் மூலை. ஷம்சாத்தின் முடிச்சுகள் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன. ஒரே மணிக்கு இரண்டு மூன்று முறை ஊசி ஏறியிருந்தது. துளையைத் தேடித் தேடிக் குத்தியிருக்கிறார்.

ஷம்சாத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் பாலகுரு இந்தியில் மெல்லக் கேட்டான்.

"ஷம்சாத் பாய், கண்ணு தெரியலையா?"

ஷம்சாத் சட்டென்று நிமிர்ந்தார். வாசலை ஒரு முறை பார்த்தார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

ஷம்சாத் கையில் இருந்த ஊசியை உருட்டிக்கொண்டே இருந்தார். "எட்டு மாசமா," என்றார் கடைசியில். "நெய்னா சேட்டுக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாருன்னு சொல்லல. வீட்டுலயும் சொல்லல."

"கண்ணாடி போட்டாச் சரியாப் போயிடும். கராமாவுல ஒரு கடை இருக்கு."

"தனியாப் போக பயமா இருந்திச்சு. என்ன சொல்லப் போறாங்களோன்னு."

"வெள்ளிக்கிழமை போலாம். நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாயங்காலம் கடை திறந்ததும் இருவரும் போனார்கள். கண்ணாடிக் கடையில் கூட்டம். சுவரோரத்தில் போட்டிருந்த பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஷம்சாத் தனக்கு மூன்று பெண்கள் என்றார். பாலகுரு தனக்கு ஒரு பெண், பெயர் சந்தியா என்றான்.